முள் எடுத்த வாரம்

எங்கள் தெருவில் ஒருத்தர் விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியாது என்று வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மா. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாம் வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் பேசி ஆறு மாதம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. இஸ்திரிக் கடைக்காரர் மீசைக்குச் சாயம் பூசுகிறார் என்பது ஊருக்கே தெரியும். மனைவியின் டப்பாவிலிருந்து திருடிப் பூசுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் மனைவியே சொன்னாள், என் மடியில் தலை வைத்துக்கொண்டு.

இந்த மடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு கண் நோய் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கு டிரக்கோமா என்று பெயர். சின்ன வயதில் வரும், போகும், மறுபடி வரும். கண் சிவக்கும், பீளை ஒட்டும், ஈ மொய்க்கும். ஒரே துண்டால் நாலு பிள்ளைகளுக்கு முகம் துடைப்போம், நாலுக்கும் வரும். இப்படிப் பல தடவை வந்து போனதில் இமையின் உள்பக்கம் வடு விழுந்துவிடும். முப்பது வயதைத் தாண்டும்போது அந்த வடு சுருங்கி இமையை உள்ளே இழுக்கும். வெளியே பார்க்க வேண்டிய இமைமுடி உள்ளே திரும்பிக் கருவிழியை உரசும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கீறல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்கும்போதே இரண்டு தடவை சிமிட்டியிருப்பீர்கள்.

அந்த முடியைத்தான் நாங்கள் முள் என்போம். முள் எடுப்பது என் வேலை. வேலை என்றால் சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. காலையில் என் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழும். அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பெண்கள் வந்து மடியில் தலை வைத்துப் படுப்பார்கள். இமையைத் தூக்கிப் பிடித்து முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இரண்டு மூன்று வாரத்துக்கு நிம்மதி. மறுபடி முளைக்கும், மறுபடி வருவார்கள். கண்ணை அசைக்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. வாயை மட்டும் அசைக்கலாம். அதுதான் எனக்கு வேண்டியதும்.

எனக்கு முன்னால் என் அம்மா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை கொஞ்சம் கனம்.

வந்து படுப்பவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் காஜாக்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் பட்டறையில் சட்டைக்குக் காஜா போடுகிறவள், அதாவது பொத்தானுக்கு ஓட்டை தைக்கிறவள். முப்பத்தாறு வயது. அவள் கணவன் லாரியில் போகிறவன்; மாதத்துக்கு ஒரு தடவை வருவான், வந்தால் தூங்குவான், எழுந்தால் போய்விடுவான். அவன் சம்பாதிப்பது அவன் டீக்குச் சரியாகப் போகும். காஜாக்காரியின் கண்ணும் கையும்தான் அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தது. வாயும் நல்ல வாய். பட்டறை சூப்பர்வைசர் நடப்பதை அவள் படுத்தபடியே நடித்துக் காட்டினால் எனக்குச் சிரிப்பில் கை நடுங்கிவிடும்.

“அக்கா, சிரிச்சுக்கிட்டே குத்திடாத. அப்புறம் அந்த மூஞ்சிய நான் பாக்க முடியாது. அது ஒரு வகையில நல்லதுதான்.”

அவள் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள், நாத்தனார். லாரிக்காரனின் அக்கா. காஜாக்காரி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். வயது ஐம்பத்திரண்டு, கண் இரண்டும் போய்ப் பன்னிரண்டு வருஷம். அதே முள்தான். அவளுக்கு என் அம்மா எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா எடுத்ததால் போகவில்லை, எடுத்தும் போனது. இதை நான் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். நாத்தனாரிடம் சொன்னதில்லை.

நாத்தனாருக்கு ஒரு பழக்கம். நான் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. ஒரே கேள்வி.

“இந்தத் தடவை எத்தனை?”

அவள் தம்பி மனைவியின் கண்ணிலிருந்து எத்தனை முள் எடுத்தேன் என்று கேட்கிறாள். மூன்று எடுத்திருந்தால் ஒன்று என்பேன். ஐந்து எடுத்திருந்தால் இரண்டு என்பேன். தலையை ஆட்டிக்கொள்வாள். நம்பினாளா என்று தெரியாது. கண் இல்லாதவர்கள் முகத்தில் அதைப் படிக்க முடிவதில்லை. அவர்களோ நம் குரலில் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள். நியாயமே இல்லை.

இப்போது அளவுகோல் வருகிறாள், அது நாங்கள் வைத்த பெயர். சுகாதார நிலையத்துப் பணியாளர். வருஷம் ஒரு தடவை ஆள் உயரக் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். உயரத்துக்கு இத்தனை என்று அந்தக் கம்பிலேயே குறித்திருக்கும், அதன்படி மாத்திரை. கூடக் கிடைக்குமென்று பிள்ளைகள் நுனிக்காலில் நிற்பார்கள். “குதிகாலைக் கீழ வை, இது மிட்டாய் இல்ல” என்று அதட்டுவாள். ஐந்து வருஷம் விடாமல் வந்தாள். தெருக்குழாய் வந்தது, வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது. பிள்ளைகளுக்குக் காலையில் முகம் கழுவினாயா என்று வாசலில் நின்று கேட்டாள். பெரியவர்களையும் கேட்டாள், அது கொஞ்சம் அதிகம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வருஷம் எங்கள் தெருவில் கண் ஒட்டிக்கொண்டு எழுந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நோய் போய்விட்டது. ஏற்கெனவே வடு விழுந்த பெரியவர்களின் முள் மட்டும் மிச்சம். அதற்கு மாத்திரை கிடையாது. இமையை வெட்டித் திருப்பித் தைக்க வேண்டும். அரை மணி நேர வேலை, இலவசம். அதற்கென்று ஒரு வண்டி வரும், அதிலேயே மேசை போட்டு நர்ஸம்மா செய்துவிடுவார்.

ஒரு நாள் அளவுகோல் கம்பு இல்லாமல் வந்தாள். குழாயடியில் பெண்களை நிறுத்திச் சொன்னாள்.

“பெரிய சர்வே வருது. எந்தத் தெருன்னு சீட்டுப் போட்டாங்க, உங்க தெருவும் விழுந்திருக்கு. பிள்ளைங்க இமையைத் திருப்பிப் பார்ப்பாங்க, பெரியவங்களுக்கு முள் இருக்கான்னு பார்ப்பாங்க. ரொம்பக் கொஞ்சமா இருந்தா இந்தப் பக்கமே நோய் ஒழிஞ்சதுன்னு அறிவிச்சிடுவாங்க. இருக்கிறவங்க பேரு ஆபரேஷன் லிஸ்ட்டுல வரும். வண்டி ஒரு கடைசி ரவுண்டு வரும், முடிச்சிட்டு வேற பக்கம் போயிடும். அதனால இன்னும் ஒரு மாசத்துக்கு யாரும் முள் எடுக்காதீங்க. குத்தினா குத்தட்டும். எடுத்துட்டா அவங்க கண்ணுக்குத் தெரியாது.”

பிறகு கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடிப் பிடித்தாள்.

“அக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன்.”

“எனக்கென்னம்மா, நான் பாட்டுக்கு வீட்ல இருக்கேன். யாரு வந்தாலும் கதவைச் சாத்திடறேன்” என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

முதல் வாரம் போனது. என் மடி காலியாக இருந்தது. கோலம் போடாத வாசல் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அதைவிட மோசம். இரண்டாவது வாரம் ஏழாம் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. யார் வாங்கியது, எதற்கு வாங்கியது, பழையதை யாருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானே போய்க் கேட்டால் “சும்மாதான்” என்றார்கள். மடியில் படுக்காதவர்கள் எல்லோரும் சும்மாதான் என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது வாரம் எலக்ட்ரீஷியன் மனைவி பெட்டியோடு ஆட்டோவில் ஏறிப் போனாள். சண்டையா, அம்மா வீட்டுக்கா, திரும்பி வருவாளா, என்னைத் தவிரத் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. இஸ்திரிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

சர்வே வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை நான் காஜாக்காரி வீட்டுக்குப் போனேன். வெள்ளை நூல் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். என் வீட்டிலேயே நாலு கண்டு இருந்தது.

ஜன்னலோரம் வீட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் அவசர ஆர்டர், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். தலையைக் கோழி மாதிரி ஒருபக்கம் சாய்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் நீர் ஒழுகி மோவாயிலிருந்து சொட்டி, சட்டையில் விழாமல் இருக்க மடியில் ஒரு துண்டு விரித்திருந்தாள்.

“என்னடி இது, சினிமா பாத்த மாதிரி?”

“குத்துதுக்கா. மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. நேத்து ஏழு காஜா கோணல். சூப்பர்வைசர் எடுத்து எல்லாருக்கும் காட்டறான்.”

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கண் சரியில்லை என்று தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். துணியில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை, பாதிச் சம்பளம். அங்கே போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை, ஒரு சீசன் முடிந்ததும் வீட்டுக்குத்தான்.

“லிஸ்ட்டுல பேரு வந்தா பட்டறைக்குத் தெரிஞ்சிடுமாக்கா?”

“தெரியாம என்ன” என்றேன். எனக்கு நிஜமாகத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. “ஏய், அந்தப் பொண்ணு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ.”

காஜாக்காரி என்னைப் பார்த்தாள். நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முள்வாங்கி புடவை மடிப்பில் இருந்தது. வெள்ளை நூல் கேட்க வந்தவளுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

“ரெண்டே ரெண்டு எடுத்துடறேன் வா” என்றேன் மெதுவாக. “தைக்கிறதுக்கு மட்டும். அவங்களுக்கு மிச்சம் இருக்கும்ல.”

என் மடியில் படுத்தாள். இரண்டு எடுத்தேன். எலக்ட்ரீஷியன் மனைவி ஏன் போனாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். கதை நீளமான கதை. பாதியில் விட மனசில்லை. கதை முடிந்தபோது ஒன்பது எடுத்திருந்தேன். இமை சுத்தமாக, கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

வாசலைத் தாண்டும்போது நாத்தனார் கேட்டாள். “எத்தனை?”

“ஒண்ணும் எடுக்கலக்கா. சும்மா பேசிட்டிருந்தோம்.”

தெருவில் இரகசியம் எப்படிப் பரவும் என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? அவளுக்கு எடுத்தாயாமே, எனக்கும் எடு என்று மத்தியானமே ஒருத்தி வந்தாள். டாக்டர் வரும்போது கண் அசிங்கமாக இருந்தால் நல்லாவா இருக்கும் என்றாள் இன்னொருத்தி. விருந்தாளி வருகிறார்கள் என்று வீடு கூட்டுகிற மாதிரி அவரவர் கண்ணைக் கூட்டிக்கொள்ள வந்தார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதினோரு பேர். மூன்று வாரப் பட்டினிக்கு இரண்டு நாளில் விருந்து. ஃபிரிட்ஜ் யார் வாங்கியது என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார், இன்னொருவர் போனில் பதிவு செய்தார். கூடவே அளவுகோல். பூதக்கண்ணாடிக்காரர் நல்ல மனிதர், நிதானமாகப் பார்த்தார். பிள்ளைகளின் இமையை விரலால் திருப்பி, விட்டு, அடுத்த பிள்ளைக்குப் போகுமுன் கையைச் சுத்தம் செய்தார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அளவுகோல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

காஜாக்காரி வீட்டில் நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். அவர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இமை ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கே. முடி பிடுங்குவீங்களா?”

“இல்ல சார்” என்றாள் காஜாக்காரி. “தூக்கமில்லை. ஆர்டர் அவசரம்.”

அவர் நிமிர்ந்து, யாரையாவது கேட்க வேண்டும் என்பது போல, என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் அது மட்டும் முடியாது.

“அவ கண்ணா? இந்தத் தெருவுலயே அதுதான் சார் நல்ல கண்ணு.”

முள் இல்லை என்று பூதக்கண்ணாடிக்காரர் சொல்ல, மற்றவர் போனில் தட்டினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் வாயைத் திறந்தாள். காஜாக்காரி சட்டென்று அவள் தோளில் கை வைத்தாள். வாய் மூடிக்கொண்டது. சம்பளம் கொண்டுவருகிறவளின் கை அது.

இரண்டு மாதம் கழித்துச் சேதி வந்தது: எங்கள் பக்கம் தேறிவிட்டது. மற்றத் தெருக்களில் லிஸ்ட்டில் இருந்தவர்களுக்கு வண்டி வந்து இமையைத் தைத்துவிட்டுப் போனது. எங்கள் தெரு முனையில் திரும்பும்போது அதன் பின்கதவில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன். பெரிய கண், நீளமான இமைமுடி, எல்லாம் ஒழுங்காக வெளியே பார்த்துக்கொண்டு. கொஞ்ச நாளில் வண்டி வேறு பக்கம் போய்விட்டது. அளவுகோலைக் கொசு ஒழிப்புக்கு மாற்றினார்கள்.

நானும் என் ஜன்னலுக்குத் திரும்பினேன்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது முன்பு போல மிருதுவாக வராது. குட்டையாக, தடிப்பாக, வெட்டிய துடைப்பக் குச்சி மாதிரி வரும். காஜாக்காரிக்கு மூன்று வாரம் தாங்கியது இரண்டு வாரம் ஆனது. பிறகு பத்து நாள். பிறகு வாரம் ஒரு தடவை. ஒன்பது, பதினொன்று, பதினாலு. நாத்தனாரிடம் மூன்று என்றேன். மூன்றா என்று கேட்டுவிட்டு மூன்று விரலைத் தன் முழங்காலில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது மாதம் காஜாக்காரியின் வலது கருவிழியின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பால் சொட்டுக் காய்ந்த மாதிரி. வெளிச்சம் படுவதாக இருக்கும் என்று தலையை நகர்த்திப் பார்த்தேன். வெளிச்சம் நகர்ந்தது, அது நகரவில்லை.

“என்னக்கா பேச்சையே காணோம்?”

“ஒண்ணுமில்ல. நீ சொல்லு.”

“பல்பைச் சுத்தி வளையம் தெரியுது. அண்ணிகிட்ட சொன்னேன். எழுந்து உள்ள போயிட்டாங்க.”

அந்த வாரம் நான் போனபோது நாத்தனார் கொல்லைக் கதவிலிருந்து கழிப்பறை வரைக்கும் நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்தில், ஆணிக்கு ஆணி இழுத்து, முடிச்சை விரலால் சோதித்துச் சோதித்து. தண்ணீர்க் குடம் சமையலறையில் வேறு மூலைக்குப் போயிருந்தது. கத்தி ஒரு டப்பாவுக்குள் போயிருந்தது. நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இந்த வீட்ல உங்களுக்குக் கயிறு எதுக்கக்கா? தூக்கத்துலயே நடப்பீங்களே.”

“எனக்கில்ல” என்றாள் நாத்தனார்.

சாயங்காலம் காஜாக்காரி வந்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றினாள். கயிற்றை அறுத்துத் துணி காயப்போட எடுத்துக்கொண்டாள். மறுநாள் குடம் மறுபடி அந்த மூலையில் இருந்தது, கயிறு மறுபடி கட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு காஜாக்காரி மாற்றுவதை நிறுத்திவிட்டாள்.

ஏழாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மடியில் படுத்திருந்தாள். முள்வாங்கி கிட்டே வரும்போது யாருக்கும் கண் தானாக மூடப் பார்க்கும். எத்தனை வருஷம் படுத்தவர்களானாலும் அப்படித்தான். நான் “திற, திற, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே எடுப்பேன். அது வாயில் தானாக வரும். இடது கண்ணுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எடுத்தேன். வலது கண்ணுக்கு வந்தேன். திற என்று சொல்ல வாயெடுத்தேன். அது திறந்தேதான் இருந்தது. முள்வாங்கியை நேராகக் கருவிழிக்கு முன்னால், ஒரு நெல் அளவு தூரத்தில், அப்படியே பிடித்தேன். இமை அசையவில்லை.

காஜாக்காரி சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். “இன்னைக்குப் போதும்” என்றேன்.

“ஏன், குத்துதே இன்னும்.”

“போதும்னா போதும்.”

அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போனேன். அளவுகோல் கொசு மருந்துக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பேனர் சுருட்டி வைத்திருந்தது. அடுத்த வாரம் விழா, நோய் ஒழிந்ததற்கு. நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். கொசுவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன், வெயிலைப் பற்றி ஒன்று. கடைசியில் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சர்வேக்கு முன்னாடி எடுத்தீங்களா?”

“ரெண்டு நாள் முன்னாடி.”

“எத்தனை பேருக்கு?”

“அவ ஒருத்திக்குத்தான்.”

“அக்கா.”

“இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு.”

“அக்கா.”

“பதினொண்ணு” என்றேன்.

அவள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று தெரியவில்லை. திரும்பி வந்து நோட்டைத் திறந்தாள். “பேரு சொல்லுங்க.”

சொன்னேன். ஒவ்வொருத்தி வீடும், கணவன் வேலையும், எந்தக் கண் என்பதும், எத்தனை முள் என்பதும் சொன்னேன். ஃபிரிட்ஜ் விஷயமும் வந்துவிட்டது. “பேரு போதும்க்கா” என்றாள். பத்து பேர் ஆனது. பதினோராவது ஆள் பெயர் எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கடைசியாக வந்தவள். பின் சந்தில் ஒரு அறையில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். கூச்சக்காரி, வாயே திறக்கவில்லை. இவளிடம் கதை ஒன்றும் தேறாது என்று சீக்கிரம் எடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு கண்ணிலும் இருந்தது, அது மட்டும் ஞாபகம். விசாரித்ததில் அந்த அறை காலியாகி நாலு மாதம் ஆகிறதாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாத ஒரு ஆள் அவள்தான்.

“நீங்க சொன்னதை நான் மேலே சொல்லணும்” என்றாள் அளவுகோல். “விழா நிக்கும். திரும்ப வந்து பார்ப்பாங்க. உங்க தெருவை மட்டும் இல்ல.” பிறகு போனை எடுத்தாள். வண்டி எங்கே இருக்கிறது என்று நாலு பேரிடம் கேட்டாள். ரொம்ப தூரத்தில் இருந்தது. மூன்று வாரம் என்றார்கள்.

“அதுவரைக்கும் அந்தக் கண்ணை நீங்க தொடாதீங்க.”

தொடவில்லை. அந்த மூன்று வாரத்தைச் சொல்வது கஷ்டம். காஜாக்காரி என் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அக்கா, இருக்கேன்னு தெரியும். லைட்டு எரியுது. ஒரே ஒரு தடவை” என்றாள். சூப்பர்வைசர் அவளைப் பிசிறு மேசைக்கு அனுப்பிவிட்டதை அந்தக் கதவு வழியாகத்தான் கேட்டேன். நல்ல கதை ஒன்றை முதல் தடவையாகப் பாதியில் விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டேன்.

வண்டி வந்தது. நர்ஸம்மா இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு அளவுகோலிடம் தணிந்த குரலில் பேசினார். எனக்குக் காது கூர்மை. இடது கருவிழி சுத்தமாக இருக்கிறது, இமையைத் திருப்பிவிட்டால் அந்தக் கண் பிழைக்கும். வலதில் இமையைத் திருப்பலாம், வலி போகும். பார்வை போனது போனதுதான். முதலில் வலது இமை. எட்டு நாள் கழித்துத் தையல் பிரித்துவிட்டு, அதே நாளில் இடது.

இடது தைத்த அன்று மத்தியானம் நான் போனேன். நாத்தனார் வாசலிலேயே இருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். எத்தனை என்று கேட்கவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

காஜாக்காரி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் பெரிய கட்டு. நாளைக் காலையில்தான் பிரிப்பார்கள். வலது கண் திறந்திருந்தது. இமை அழகாக வந்திருந்தது, முடியெல்லாம் வெளியே பார்த்தபடி. அதற்குள்ளே சாம்பல் நிறமாக ஒன்று.

“யாரு?”

“நான்தான்டி.”

“உக்காருக்கா.” குரலில் கோபம் இல்லை. “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு செவ்வாய்க்கிழமை நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே. பல்லைக் கடிச்சுக்கிட்டுதான தச்சுக்கிட்டிருந்தேன். நீ ஏன் வந்தே?”

வெள்ளை நூல் என்று சொல்ல வந்தேன். நாத்தனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“சும்மாதான்” என்றேன். “மூணு வாரமா யாரும் வரல. பேச்சுக்கு ஆளில்ல.”

காஜாக்காரி கட்டிலில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

“கிட்ட வா” என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னும் கிட்ட.”

கட்டிலில் ஏறி, என் மூச்சு அவள் கன்னத்தில் படுகிற தூரத்துக்குப் போனேன். அந்த வலது கண்ணுக்கு நேர் எதிரே என் முகம். அவள் கண்ணை அகலமாகத் திறந்தாள். அது என் மூக்கைத் தாண்டி, என் நெற்றியைத் தாண்டி, எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றது.

“வந்துட்டியா?” என்று கேட்டாள். “எதாவது பேசுக்கா. பேசினாத்தான தெரியும்.”